கிறிஸ்தவனா இருந்துகிட்டு கருத்து வேறுபாட்ட எப்படி சமாதானமா கையாளுறது?

விவரம் எதுவும் நீங்க சொல்லல, ஆனா வெளியாள்கூட தகராறுன்னா யாரும் இப்படி கேக்க மாட்டாங்க. வீட்டுக்குள்ள, இல்ல சபைக்குள்ள ஏதோ நடக்குதுன்னு தான் நினைக்கிறேன். பெரும்பாலும் யாராவது சபை மாறியிருப்பாங்க, இல்ல நகைய கழட்டியிருப்பாங்க, இல்ல முழுக்கு (வளர்ந்தப்புறம் தண்ணிக்குள்ள முழுகி எடுக்கற ஞானஸ்நானம்) எடுத்திருப்பாங்க. எங்க வீட்ல இது எல்லாமே நடந்துச்சு, அதனால தான் எழுதறேன். நான் தியாலஜி படிச்சவ இல்ல, ஸ்கூல்ல கணக்கு டீச்சர். வசனம் சொல்லி என்னை மடக்கணும்னு வர்றவங்க தாராளமா வரலாம், நான் சொல்லப்போறது யாரு சரின்னு இல்ல.

நாங்க தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் ஒரு கிராமம், பரம்பரையா சி.எஸ்.ஐ (தென்னிந்திய திருச்சபை). அப்பா ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், சேகர கமிட்டியில (ஒரு குருவானவருக்கு கீழ வர்ற சபைகளோட நிர்வாகக் குழு) ரொம்ப வருஷம் இருந்தவங்க, தாத்தாவோட அப்பா காலத்துல இருந்து எல்லாருக்கும் அதே கோயில்ல தான் ஞானஸ்நானம், அதே கல்லறைத் தோட்டத்துல தான் அடக்கம். அண்ணன் கோயம்புத்தூர்ல வேலை பாக்கறான். கல்யாணத்துக்கு அப்புறம் அங்க ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கு போக ஆரம்பிச்சு, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தான், அந்த சபை வழக்கப்படி மதினி கம்மல் செயின் எல்லாம் கழட்டிட்டாங்க. அதுவரைக்கும் அப்பா ஒண்ணும் சொல்லாம பொறுத்துகிட்டாங்க. பேரன் பிறந்து, ஊருக்கு கொண்டுவந்து ஞானஸ்நானம் குடுக்க மாட்டேன்னு அண்ணன் சொன்னப்ப தான் வெடிச்சது.

ரெண்டு பேர்கிட்டயும் வசனம் இருந்துச்சு, அது தான் பிரச்சனை. அண்ணன் மாற்கு 16:16 சொன்னான், முதல்ல விசுவாசம் அப்புறம் தான் ஞானஸ்நானம், கைக்குழந்தை எத விசுவாசிக்கும், எத்தியோப்பிய மந்திரி தண்ணிக்குள்ள இறங்கித்தானே எடுத்தார்னு கேட்டான். அப்பா அப்போஸ்தலர் 16 சொன்னாங்க, லீதியாளும் அவ வீட்டாரும், சிறைச்சாலைக்காரனும் அவனுடையவங்க எல்லாரும், அத்தனை பேர் இருந்த வீட்ல ஒரு குழந்தை கூடவா இருந்திருக்காது, பிள்ளை வளர்ந்தப்புறம் சொந்த வாயால அறிக்கை பண்ணத்தானே திடப்படுத்தல் இருக்குன்னாங்க. இது வரைக்கும் கூட பரவாயில்ல, நூத்துக்கணக்கான வருஷமா சபைகள் பேசிகிட்டிருக்கறது தான். ஆனா அண்ணன் ஒரு நாள் போன்ல, "எனக்கு சின்னதுல நீங்க குடுத்தது ஞானஸ்நானமே இல்லப்பா, வெறும் தண்ணி தெளிச்சது"ன்னு சொல்லிட்டான். அப்பா, "அப்ப உங்க அம்மா?"ன்னு கேட்டுட்டு போன வச்சுட்டாங்க. அம்மா அதுக்கு முந்தின வருஷம் தான் இறந்துருந்தாங்க. அவங்களுக்கும் குழந்தையில குடுத்த ஞானஸ்நானம் மட்டும் தான்.

அதுக்கப்புறம் பேச்சே இல்ல. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு சித்தப்பா "கள்ள உபதேசம் ஜாக்கிரதை"ன்னு யூடியூப் கிளிப்பா போடறாங்க, அண்ணன் பதிலுக்கு அவங்க பாஸ்டர் பேசினத போடறான், பெரியம்மா வீட்டு அக்கா அழற எமோஜி போடறாங்க, ஒருத்தராவது நேர்ல போய் பேசல. எல்லாரும் என்னைய தான் பிடிச்சாங்க, "நீ சொன்னா அண்ணன் கேப்பான்", "நீ சொன்னா அப்பா இறங்கி வருவாங்க"ன்னு. நான் ரெண்டு பக்கமும் ஒரே பதில் சொன்னேன், யாரு சொன்னதையும் நான் இன்னொருத்தர்கிட்ட கொண்டு போக மாட்டேன், மத்தேயு 18:15ல இயேசு என்ன சொல்லியிருக்கார், அவனிடத்தில் போய் நீயும் அவனும் தனியா இருக்கும்போது பேசுன்னு தானே, தங்கச்சிய அனுப்புன்னா சொல்லியிருக்கார்? இதுக்கு நான் வாங்கின பேச்சு கொஞ்சநஞ்சமில்ல, பாசமில்லாதவன்னு கூட சொன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் அது சரியான முடிவுன்னு தான் நினைக்கிறேன். நடுவுல ஆள் இருந்தா ரெண்டு பேரும் அந்த ஆளுக்காக பேசுவாங்க, ஒருத்தருக்கொருத்தர் பேச மாட்டாங்க.

அப்பா மனசு மாறினது ரிட்டயர்டான ஒரு அய்யர்கிட்ட (எங்க பக்கம் சபை குருவானவர அப்படித்தான் சொல்லுவோம்) போய் உட்கார்ந்தப்ப. அவர் ஞானஸ்நானத்த பத்தி ஒரு வார்த்தை பேசலயாம். "நம்ம சபையே ஒத்துப்போகாதவங்க சேர்ந்து கட்டினது தானே சார்"னு ஆரம்பிச்சு தரங்கம்பாடி கதைய சொல்லியிருக்கார். 1919ல தரங்கம்பாடியில கூடி பேசினாங்க, இங்கிலாந்து திருச்சபை வழி வந்த ஆங்கிலிக்கனுக்கு பிஷப் இல்லாம சபை கிடையாது, ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நடத்திக்கணும்ங்கற காங்கிரிகேஷனல்காரங்களுக்கு பிஷப்னாலே ஆகாது. ஒரு பக்கத்து குருமார்கள மறுபடியும் அபிஷேகம் பண்ணணுமா (அதாவது புதுசா குருப்பட்டம் குடுக்கணுமா) வேண்டாமான்னே வருஷக்கணக்கா பேச்சு. கடைசியில மறு அபிஷேகம் இல்லாமலே அத்தனை குருமாரையும் அப்படியே ஏத்துக்கிட்டாங்க, எந்த சபை மேலயும் அதோட மனசாட்சிக்கு விரோதமா ஆள திணிக்க மாட்டோம்னு உறுதி குடுத்தாங்க, 1947 செப்டம்பர் 27 அன்னிக்கு மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல சி.எஸ்.ஐ பிறந்துச்சு. பேச்சு ஆரம்பிச்சு 28 வருஷம்! அதுக்காக உழைச்ச பிஷப் அசரியா, நம்ம வெள்ளாளன்விளைக்காரர், 1945லயே இறந்துட்டார், கண்ணால பாக்கல. வடக்க 1970ல சி.என்.ஐ (வட இந்திய திருச்சபை) சேர்ந்தப்ப, குழந்தை ஞானஸ்நானத்த ஏத்துக்காத பாப்டிஸ்ட்காரங்களும் உள்ள வந்தாங்க, அங்க குழந்தை ஞானஸ்நானமும் உண்டு, விசுவாசிச்சப்புறம் எடுக்கற ஞானஸ்நானமும் உண்டு, ஒரே சபைக்குள்ள. எங்க வீட்டு சண்டை எதுவோ அத வச்சுகிட்டே அவங்க ஒண்ணா இருக்காங்க. அப்பாவுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாததில்ல, ஹெட்மாஸ்டர் தானே, ஆனா அன்னிக்கு தான் தன் மகன் ஞாபகத்தோட கேட்டிருக்காங்க.

அடுத்த வாரமே யாருகிட்டயும் சொல்லாம கோயம்புத்தூர் பஸ் ஏறிட்டாங்க. அங்க நடந்தத மதினி தான் எனக்கு சொன்னாங்க. அப்பா பைபிள எடுக்கவே இல்லயாம், "உங்க அம்மா இரட்சிக்கப்பட்டவளா இல்லையா, அத மட்டும் சொல்லு"ன்னு கேட்டிருக்காங்க. அண்ணன் உடைஞ்சு போய், "அம்மா ஜெபத்துல தானப்பா நான் இன்னிக்கு நிக்கறேன், அம்மா கர்த்தர்கிட்ட இருக்காங்க"ன்னு அழுதுருக்கான். அதுக்கப்புறம் தான் ஞானஸ்நானத்த பத்தி பேச்சு, ராத்திரி வரைக்கும் பேசியும் யாரும் இம்மி நகரல. அப்பா இன்னிக்கும் அண்ணன் செஞ்சது தப்புன்னு தான் சொல்றாங்க, அண்ணனும் அப்படியே. ஆனா சில விஷயத்துல முடிவுக்கு வந்தாங்க. பேரன அண்ணன் சபையிலயே பிரதிஷ்டை பண்றது (ஞானஸ்நானம் இல்லாம, ஜெபம் பண்ணி கர்த்தருக்கு ஒப்புக்குடுக்கறது), அப்பா வந்து முன் வரிசையில உட்கார்றது, பையன் வளர்ந்து அவனே முடிவு பண்றது. "வெறும் தண்ணி"ன்னு இவன் சொல்லக்கூடாது, "பின்மாற்றம்"னு (விசுவாசத்த விட்டு விலகிப் போறதுன்னு) அப்பா சொல்லக்கூடாது. குரூப்ல இத பத்தி மூச்சு விடக்கூடாது. ஊர் அசனப் பண்டிகைக்கு (சபையில எல்லாரும் சேர்ந்து சாப்பிடற விருந்து) குடும்பத்தோட வந்து பந்தியில உட்காரணும்.

இந்த கடைசி விஷயம் அப்பா போட்டது, எனக்கு அது தான் எல்லாத்தையும் விட பெருசா படுது. பவுல் பேதுருவ அந்தியோகியாவுல எல்லார் முன்னாடியும் கடிஞ்சுகிட்டத கலாத்தியர் 2ல படிச்சிருப்பீங்க. எதுக்காக? கூட உட்கார்ந்து சாப்பிட்டுகிட்டிருந்த புறஜாதியார (யூதர் அல்லாத விசுவாசிகள) விட்டுட்டு பேதுரு எழுந்து விலகிப் போனதுக்கு. அதே பவுல் ரோமர் 14ல எத சாப்பிடலாம், எந்த நாள விசேஷமா எண்ணலாம்னு வர்ற வித்தியாசத்துக்கெல்லாம் அவனவன் மனசுல நிச்சயம் இருந்தா போதும்னு விட்டுடறார். கருத்து மாறினதுக்கு விட்டுக்குடுக்கறவர் பந்திய விட்டு எழுந்ததுக்கு விட்டுக்குடுக்கல. மதினி வெறுங்கழுத்தோட அசனத்துக்கு வந்தப்ப அத்தைங்க ஜாடையா பேசத்தான் செஞ்சாங்க, அப்பா தானே இலைய போட்டு மதினிய பக்கத்துல உட்கார வச்சாங்க, பேச்சு நின்னுடுச்சு.

இத படிச்சுட்டு சில பேர் சமரசம்னு சொல்லுவீங்க. இருக்கட்டும். யாரும் தன் விசுவாசத்த மறைக்கல, மாத்திக்கவும் இல்ல. அப்புறம் எல்லாத்தையும் பொறுத்துப்போன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க, அடிக்கற புருஷன், காணிக்கை பணத்துல கை வைக்கறவங்க, இதெல்லாம் கருத்து வேறுபாடே கிடையாது, அங்க சமாதானம் பேசி வாய மூட வைக்கறது பாவம். சில நேரம் பிரிஞ்சு வேலை செய்யறது கூட தப்பில்ல. மாற்குவ கூட்டிட்டு போறதா வேண்டாமான்னு பவுலும் பர்னபாவும் கடுங்கோபத்துல பிரிஞ்சு ஆளுக்கொரு பக்கம் போனாங்க, கடைசி காலத்துல அதே பவுல் மாற்குவ கூட்டிட்டு வா, அவன் எனக்கு பிரயோஜனமுள்ளவன்னு தீமோத்தேயுவுக்கு எழுதறார்.

கேள்விக்கு சம்பந்தமில்ல, ஆனாலும் சொல்லாம இருக்க முடியல. ஞானஸ்நானத்துக்காக சண்டை போடறவங்கள நான் மதிக்கறேன், அவங்களுக்கு அது நித்திய ஜீவன் சம்பந்தப்பட்டது. சபை எலெக்ஷனுக்கு நடக்கறது என்ன? ஒரே பெஞ்சுல உட்கார்ந்து திருவிருந்து எடுத்தவங்க அந்த அணி இந்த அணின்னு ஆகி, போஸ்டர் அடிச்சு, கோர்ட்டுக்கு போய், ஒருத்தர் வீட்டு கல்யாணத்துக்கு ஒருத்தர் போகாம இருக்காங்களே, இதுல எந்த உபதேசம் இருக்கு? சகோதரன் சகோதரன் மேல வழக்குக்கு போறத 1 கொரிந்தியர் 6ல அவ்வளவு கடுமையா எழுதி வச்சிருக்கு, அந்த அதிகாரத்த எலெக்ஷன் வருஷத்துல எந்த பிரசங்கத்துலயும் நான் கேட்டதில்ல. எங்க ஊர் வாலிபப் பிள்ளைங்க கோயிலுக்கு வர்றத நிறுத்தினது இதுனால தான், முழுக்கினால இல்ல.

சரி, உங்க விஷயத்துக்கு வரேன். உங்க பக்கத்துல யாரு மூத்தவங்களோ அவங்களே முதல்ல போகட்டும், தனியா போகட்டும். போனவுடனே வசனத்த எடுக்காம, எந்த வார்த்தை வலிச்சுதோ அத கேக்கட்டும், பெரும்பாலும் அது உபதேசமா இருக்காது. அவங்க கதவே திறக்கலன்னா? ரோமர் 12:18ல "உங்களாலானமட்டும்"னு தான் இருக்கு, அதுக்கு மேல கர்த்தர் உங்ககிட்ட கணக்கு கேக்க மாட்டார். எங்க பெரியப்பா இன்னும் அண்ணன்கூட பேசறதில்ல. அண்ணன் ஊருக்கு வர்றப்பெல்லாம் அவங்க வீட்டுக்கு போய் ஸ்தோத்திரம் சொல்றான், பெரியப்பா தலையாட்டிட்டு உள்ள போயிடறாங்க, பெரியம்மா காபி குடுக்கறாங்க. இந்த கிறிஸ்மஸுக்கும் போவான், நானும் கூட போறதா இருக்கேன்.