அடைப்புக்குறிக்குள் ஒரு மகள்

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர்கள் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனபோது அவர்களுடைய இரண்டு வயதுப் பெண் பூனையை எங்களிடம் விட்டுப் போனார்கள். அங்கே இருந்தவரை கேட் ஓரம் படுத்துக் கிடக்கும்; பிள்ளைகள் தாண்டிப் போனாலும் எழாது. எங்களிடம் வந்து நான்கு மாதம் ஆகியும் பயம் தெளியவில்லை. பகலில் கொஞ்சம் நடமாடும். இரவு ஏழரைக்கு என் கணவரின் பைக் சத்தம் கேட்டால் போதும், கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும் (எட்டாவது படிக்கும் மகளும் அந்த நேரத்தில் படிக்க ரூமுக்குப் போய்விடுவாள்). அவர் பூனையை ஒன்றும் செய்ததில்லை. கொஞ்சம் சத்தமாகப் பேசுவார், அவ்வளவுதான். ஒளிய இடம் இல்லாவிட்டால் பழகும் என்று கட்டிலுக்கு அடியில் சூட்கேஸ்களை அடுக்கினேன். இப்போது வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போகிறது. மகன் பிடித்து இழுத்தபோது கையில் பிறாண்டிவிட்டது. இதன் கூச்சத்தை எப்படிப் போக்குவது? யாருக்காவது கொடுத்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: முதலில் மகனின் கை. பிறாண்டிய இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினீர்களா? ஊசி போட்டீர்களா? பூனையிடமிருந்தும் ரேபிஸ் வரும். போடவில்லை என்றால் இதை மூடி வைத்துவிட்டு இப்போதே அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போடுவார்கள். பூனைக்கும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

அடுத்தது, அந்த அடைப்புக்குறி.

பூனை எங்கே ஓடுகிறது, எங்கே ஒளிகிறது என்று அவ்வளவு எழுதிய நீங்கள் மகளுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு அடைப்புக்குறி. எட்டாம் வகுப்புப் பெண்ணும் இரண்டு வயதுப் பூனையும் ஒரே சத்தத்தைக் கேட்டு ஒரே நேரத்தில் ஹாலைவிட்டு எழுந்து போகிறார்கள். இதில் கூச்சம் எங்கே வந்தது, சகோதரி?

குட்டியாக இருக்கும்போது, இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள், மனிதக் கை படாமல் வளர்ந்த பூனைகள்தான் பெரும்பாலும் ஆளைக் கண்டாலே ஒதுங்கும். உங்கள் பூனை அந்த வகை இல்லை. பிள்ளைகள் தாண்டிப் போனாலும் எழாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீடு மாறிய பூனை சில வாரம் ஒளிவது சகஜம்தான், ஆனால் அது பகலில் நடமாடுகிறது, ஏழரைக்கு ஓடுகிறது. நம் காதுக்குச் சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு (நொடிக்கு அத்தனை அதிர்வு) ஒலி முடிந்துவிடும். பூனைக்கு 60,000-ஐத் தாண்டியும் கேட்கும். தெருமுனையில் எத்தனை பைக் திரும்பினாலும் உங்கள் வீட்டு பைக் எது என்று அதற்குத் தெரியும். உங்கள் மகளுக்கும் தெரியும்.

நான் வளர்ந்த வீட்டில் அது சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம். 'டக்' என்று கேட்டதும் நான் ரேடியோவை நிறுத்துவேன். தம்பி கொல்லைப்பக்கம் போய்விடுவான். அம்மா கையிலிருக்கும் பாத்திரத்தை ஓசைப்படாமல் தரையில் வைப்பாள். அப்பா எங்களை ஒரு நாளும் அடித்ததில்லை. 'அவருக்குத் தொண்டை கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்' என்று அம்மாவும் சொல்வாள். அப்பா காலமாகி வருடக்கணக்காகிவிட்டது. இன்றைக்கும் வாசலில் யாராவது சைக்கிளை நிறுத்தினால், செய்துகொண்டிருக்கும் வேலையில் என் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது.

அதனால்தான் உங்கள் 'அவ்வளவுதான்' எனக்குப் பொறுக்கவில்லை. சம்பாதித்துக் கொண்டுவந்து போடுவதோடு ஒரு தகப்பனின் கடமை முடிவதில்லை. அவர் வண்டிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் வாசலுக்கு வர வேண்டும். அப்படி வரவில்லை என்றால் அதை அவரிடம் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. நீங்களோ மகள் ரூமுக்குப் போவதை அடைப்புக்குறிக்குள் போட்டு, பூனையின் மறைவிடத்தையும் அடைத்துவிட்டு, பூனையை எப்படித் திருத்துவது என்று என்னிடம் கேட்கிறீர்கள். 'சத்தமாகப் பேசுவார்' என்பதற்குப் பின்னால் கை ஓங்குவதும் இருக்கிறது என்றால், நான் கீழே எழுதுவது எதுவும் உங்களுக்கு இல்லை. பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள். பிள்ளைகளுக்கு 1098 இருக்கிறது.

வெறும் சத்தம்தான் என்றால், இன்றைக்கே அந்த சூட்கேஸ்களை எடுங்கள். ஒளிய இடம் கிடைத்தால்தான் பூனைக்குத் தைரியம் வரும். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவைதான் சீக்கிரம் தெளிந்தன என்று 2014-ல் எழுதியிருக்கிறார்கள். ஒரு அட்டைப்பெட்டியைப் படுக்கவைத்து, நீங்கள் கட்டிய பழைய காட்டன் புடவையைத் துவைக்காமல் உள்ளே விரியுங்கள். அது மலஜலம் கழிக்கும் மண் தட்டை வாஷிங் மெஷின் பக்கம் வைக்கவே வேண்டாம். பூனை பெட்டிக்குள் இருக்கும்போது யாரும் கையை உள்ளே விடக் கூடாது. மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அப்புறம், பூனையின் இரவுச் சாப்பாட்டை இனி உங்கள் கணவர்தான் வைக்க வேண்டும். வண்டியை நிறுத்தி, முகம் கழுவிக்கொண்டு வந்ததும், உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீன் கொஞ்சம் ஒரு தட்டில். பூனை இருக்கும் இடத்திலிருந்து ஏழெட்டு அடி தள்ளி வைத்துவிட்டு, பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காரட்டும். டிவி வேண்டாம், போன் வேண்டாம், பத்து நிமிடம் பேச்சும் வேண்டாம். பூனை தலையை நீட்டினால் முறைத்துப் பார்க்காமல், கண்ணை மெதுவாகப் பாதி மூடித் திறக்கட்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், இப்படிக் கண் மூடித் திறந்த அந்நியரிடம் பூனைகள் கூடுதலாக நெருங்கி வந்தன (2020). முதல் வாரம் வராது. அவர் எழுந்து போன பிறகு வந்து தின்னும். அது போதும், தட்டை எடுக்காதீர்கள். தின்னத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு சாண் தூரமாகத் தட்டைத் தன் பக்கம் நகர்த்தட்டும். ஒரு நாள் குரல் உயர்ந்துவிட்டால் மறுபடி ஏழடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அவரிடம் இதைச் சொல்லும் நேரம் முக்கியம். ஏழரைக்குச் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் முடித்து அவர் ஆறுதலாக இருக்கும்போது, 'நீங்க வந்ததும் பாப்பா ரூமுக்குப் போயிடறா, கவனிச்சீங்களா?' என்று கேளுங்கள். பூனையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். முதலில் கோபம்தான் வரும். வரட்டும். கேள்வி அவருக்குள் போயிருக்கும்.

மகளை 'வந்து ஹாலில் உட்கார்' என்று கூப்பிடாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டால் சாத்திக்கொள்ளட்டும். அப்பா சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்திருப்பது கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்.

யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஒரு வீட்டை இழந்து வந்த உயிர் அது, ஏற்றுக்கொண்டது நீங்கள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாவிட்டாலும், மண் தட்டுக்கு வெளியே சிறுநீர் போனாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரல் சீக்கிரம் கெடும்.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். பூனை எங்கே தூங்குகிறது என்பது இரண்டாவது பாராவில் இருக்கட்டும். ஏழரை மணிக்கு உங்கள் மகள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்பதை முதலில் எழுதுங்கள்.