கடலோர மணலில் காசும் கண்ணாடியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடற்கரையில் தொலைந்துபோன காசுகளைத் தேடலாம் என்று மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கினேன். தோட்டத்தில் ஒழுங்காக வேலை செய்த கருவி, அலை நனைத்த மணலுக்குப் போனதும் ஓயாமல் கத்துகிறது. கருவியில் ஏதேனும் பழுதா?

பதில்: பழுதில்லை. உப்பு நீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம், கருவி மறப்பதில்லை. அதன் சுருளில் பாயும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் அங்கே கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்ப, அதனால் பிறக்கும் எதிர்ப்புலத்தைப் பிடித்துக் கருவி ஒலியாக மாற்றுகிறது. உவர்நீர் ஊறிய மணலிலும் இதே சுழல் மின்னோட்டம் மெலிதாக எழுவதால், ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் கருவிக்கு ஈரக் கரை முழுவதுமே ஒரு பெரிய உலோகத் தகடு போலத் தோன்றிவிடுகிறது. உணர்திறனைச் சற்றுக் குறைத்து, மண்ணிலிருந்தே எழும் சிக்னலைக் கருவி பொருட்படுத்தாதபடி செய்யும் ‘மண் சமநிலை’ அமைப்பை அந்த ஈரமணலிலேயே மறுபடி சரிசெய்து பாருங்கள். அப்போதும் அடங்காவிட்டால், உலர்ந்த மணலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; அல்லது பல அதிர்வெண்களில் இயங்கும் கருவிக்கோ, மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாகச் செலுத்தும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகைக் கருவிக்கோ மாற வேண்டும். பல்ஸ் வகை உப்பையும் இரும்புத் தாது கலந்த கருமணலையும் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஆனால் ஆணியா, காசா என்று பிரித்துச் சொல்வதில் அது மிகவும் பலவீனமானது.

மண்வாரியையும் இரும்பு முனை வைத்த காலணியையும் சுருளின் அருகே கொண்டுவராதீர்கள். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்பீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய ஒரு கருவியைச் செய்துகொண்டு போனபோது, அதிபர் படுத்திருந்த மெத்தையின் கம்பிச்சுருள்களும் சேர்ந்துதான் அதைக் குழப்பின என்பார்கள். குண்டு அகப்படவில்லை.

கேள்வி: பல வாரங்களாகத் தேடியும் கிடைப்பவை பாட்டில் மூடிகளும் குளிர்பானக் கேன்களின் வளையங்களும்தான். எங்கே, எப்போது தேட வேண்டும்?

பதில்: என்ன கருவி என்று பத்துப் பேர் கேட்கும் இடத்தில் இந்தக் கேள்வியை ஒருவர்தான் கேட்கிறார், உண்மையில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். காசு தொலையும் இடம் வேறு, அது போய்ச் சேரும் இடம் வேறு. சட்டைப்பையிலிருந்து நழுவும் காசு மக்கள் உட்காரும் உலர்ந்த மணலிலேயே கிடக்கும். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கிக் கழலும் மோதிரமோ இடுப்பளவு நீருக்குப் போய்விடும். அதன்பின் அதைக் கொண்டுபோய் வைப்பது அலையின் வேலை. அலையோ பொருள்களை அடர்த்தி பார்த்துப் பிரிக்கிறது. நீரை 1 என்று கொண்டால் மணலின் அடர்த்தி சுமார் 2.65, அலுமினியம் 2.7, செம்பு 8.9, வெள்ளி 10.5, ஈயம் 11.3, தங்கம் 19.3. ஆகவே அலுமினிய வளையம் மணலோடு மணலாக அலைந்து எங்கு வேண்டுமானாலும் ஒதுங்கும். கனமானவை கீழே இறங்கி, களிமண் அல்லது கூழாங்கல் அடுக்கின்மீது தங்கிவிடும். தொடர்ந்து அலுமினியமே வருகிறதென்றால், அது புதிதாகக் குவிந்த மணல், அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகள் இரண்டு மூன்று ஒரே இடத்தில் அகப்பட்டால், அங்கே நிதானித்து, சுருளைத் தரையை ஒட்டியே வீசித் தேடுங்கள்.

காசளவு பொருளை 20, 25 சென்டிமீட்டருக்குக் கீழே கண்டுபிடிக்கப் பெரும்பாலான கருவிகள் திணறும். மேலே கிடக்கும் மணலை நாம் அள்ள முடியாது, புயல் அள்ளும். பெருங்காற்று ஓய்ந்த மறுநாள், கரை செங்குத்தாக அரிக்கப்பட்டுப் படிக்கட்டுபோல நிற்கும் இடத்தின் அடியில் தேடுவதற்கு ஈடான வேளை வேறில்லை. சில நாட்களில் கடலே மணலைத் திரும்பக் கொண்டுவந்து மூடிவிடும். மற்ற நாட்களில், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் அதிகமாக உள்வாங்கும் என்பதால், முழு வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், வடியும் நீரைப் பின்தொடர்ந்து இறங்குங்கள்.

கேள்வி: குப்பை உலோகங்களுக்கு ஒலி எழாதபடி கருவியை அமைத்துவிட்டால் வேலை மிச்சமாகுமே?

பதில்: மிச்சமாகும், மோதிரமும் சேர்ந்து தப்பிவிடும். சிறிய தங்க மோதிரமும் அலுமினிய வளையமும் கருவிக்கு ஏறத்தாழ ஒரே சிக்னலைத்தான் தரும். இரும்பை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் தோண்டுங்கள்.

கேள்வி: பழைய பாட்டில்களையும் கருவி காட்டுமா? கிடைத்தால் காலத்தை எப்படி அறிவது?

பதில்: கண்ணாடியைக் கருவி காட்டாது. ஆனால் பாட்டில் தனியாகக் குப்பைக்குப் போவதில்லை. தகரமும் ஆணியும் உடைந்த அடுப்பின் துண்டும் அதனோடு போகும். எனவே பழைய குப்பைமேட்டைத் தேடும்போது மட்டும் இரும்பை ஒதுக்காதீர்கள். துரு ஒலிகள் நெருக்கமாகக் கேட்கும் இடத்தில் கருவியைக் கீழே வைத்துவிட்டு, மெல்லிய கம்பியால் மண்ணைக் குத்திப் பாருங்கள். அலையடிக்கும் கரையில் வழவழத்த கண்ணாடிச் சில்லுகளே மிஞ்சும். முழு பாட்டில் கிடைப்பது கழிமுகச் சேற்றிலும், கடல் அரித்துத் திறந்துவிட்ட மேட்டிலும்தான். அரிப்புண்ட மேட்டைக் குடைந்து உள்ளே மட்டும் போகாதீர்கள். மணல் சொல்லிக்கொண்டு சரிவதில்லை.

காலத்தை அறிய, அச்சின் பாதிகள் சேர்ந்த இடத்தில் விழுந்த தையற்கோட்டை அடியிலிருந்து மேலே தடவிக்கொண்டு போங்கள். கோடு கழுத்தோடு நின்று, வாய்ப்பகுதி கையால் உருட்டியதுபோல் இருந்தால், பெரும்பாலும் அது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முந்தியது. வாயின் விளிம்பையும் கடந்து ஓடினால், மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் 1903 வாக்கில் வந்ததற்குப் பிந்தியது. அடியில் கரடுமுரடான வட்டத் தழும்பு இருந்தால், பெரும்பாலும் அதைவிடப் பல பத்தாண்டுகள் மூத்தது. கழுத்தில் கோலி அடைபட்ட சோடா பாட்டில் 1870-களில் ஹிராம் காட் உருவாக்கிய வடிவம். பல்விளிம்புத் தகர மூடிக்கேற்ற வாய் என்றால் 1892-க்குப் பிந்தியது. வெயிலில் கிடந்து இளம் ஊதாவாகிய நிறமற்ற கண்ணாடியில் மாங்கனீசு கலந்திருக்கும். அந்த நிறத்தைச் செயற்கைக் கதிர்வீச்சாலும் ஏற்றிவிட முடியும் என்பதால், விலைக்கு வாங்குவோர் ஏமாற வேண்டாம்.

கேள்வி: கிடைத்ததை நானே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும், பிரிட்டனில் 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் கண்டெடுத்தவர் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களிலோ அனுமதியின்றிக் கைவைக்கவே கூடாது. போகும் முன் கரை யாருடைய பொறுப்பில் உள்ளது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெடிபொருள்போல எது தென்பட்டாலும் தொடாமல் விலகி, காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: கறுத்துப்போன காசுகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: பழங்காசென்று ஐயம் இருந்தால் தேய்க்கவே தேய்க்காதீர்கள்; தேய்த்த காசின் மதிப்பு தேய்ந்தேபோகும். தங்கத்தைத் தண்ணீரில் அலசினாலே போதும். வெள்ளி கடலில் கறுப்பது இயல்பு. அந்தப் படலத்தை அப்படியே விடலாம். கவனிக்க வேண்டியது செம்பும் வெண்கலமும்தான். உள்ளே ஊறிய குளோரைடு, காசு காய்ந்த பிறகும் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அரித்துக்கொண்டே இருந்து, வெளிர்பச்சைத் தூளாக உதிரும். அத்தகைய காசைக் காயவிடாமல் காய்ச்சி வடித்த நீரில் போட்டு, சில நாட்களுக்கொரு முறை நீரை மாற்றிப் பல வாரங்கள் ஊறவிட்டு, பிறகு நன்றாக உலர்த்தி, ஈரம் புகாத பெட்டியில் வையுங்கள்.