ஓர் எண்ணைத் தடுத்தால் இன்னோர் எண்

கேள்வி: என் கணவரின் கைப்பேசிக்குக் கடன் தருவதாகவும் பரிசு விழுந்திருப்பதாகவும் நாள்தோறும் குறுஞ்செய்திகள் வருகின்றன, தெரியாத எண்களிலிருந்து அழைப்புகளும் ஓய்வதில்லை. ஓர் எண்ணைத் தடுத்தால் மறுநாள் இன்னோர் எண் முளைக்கிறது. போதாக்குறைக்கு, டாப்-அப் செய்த பணத்திலும் அவ்வப்போது சில ரிங்கிட் குறைகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அம்மா, பணம் குறைவதை முதலில் கவனியுங்கள். ஐந்து இலக்க எண்ணிலிருந்து செய்தி அனுப்பும் ஏதேனும் கட்டணச் சேவையில் உங்கள் கணவர் அறியாமலேயே பதிவாகியிருக்கக்கூடும். அந்த எண்ணைக் கைப்பேசியில் தடுத்தால் செய்தி கண்ணில் படாமல் போகுமே தவிர, கட்டணம் நிற்காது. அதே எண்ணுக்கு 'ஸ்டாப்' என்று ஆங்கிலத்தில் பதில் அனுப்பவேண்டும். பிறகு, உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைத்து, கட்டணக் குறுஞ்செய்திச் சேவைகள் அனைத்தையும் முடக்கச் சொல்லுங்கள்.

கடன், பரிசுச் செய்திகளுக்கு மட்டும் இவ்வாறு பதில் அனுப்பாதீர்கள். திட்டி எழுதினாலும், அந்த எண்ணில் ஆள் இருப்பதை நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். செய்தியை அழுத்திப் பிடித்தால் தோன்றும் பட்டியலில், தடுப்பதோடு வேண்டாத செய்தி என்று புகார் செய்யும் வசதியும் பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் உண்டு. இணையத்தள இணைப்புள்ள குறுஞ்செய்திகளைத் தடுக்குமாறு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2023இல் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டதால், வங்கியின் பெயரில் இணைப்போடு ஒரு செய்தி வந்தாலே அதைச் சந்தேகிக்கலாம்.

அழைப்புகளில்தான் சிக்கல் அதிகம். ஐபோனில், தொடர்புப் பட்டியலில் இல்லாதவர்களின் அழைப்பை ஒலிக்கவிடாமல் செய்யும் வசதி 2019 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'தெரியாத எண்களைத் தடு' என்று காணப்படும் அமைப்போ, பெரும்பாலும் எண்ணை மறைத்து அழைப்பவர்களை மட்டுமே தடுக்கும். இதை அறியாமல், வசதி வேலை செய்யவில்லை என்று கைப்பேசியைக் கடைக்குத் தூக்கிச் செல்பவர்கள் பலர். ஐபோன் வசதியிலும் ஓர் இடர் உண்டு: மருத்துவமனையிலிருந்து தேதி மாற்றத்தைச் சொல்ல 04 என்று தொடங்கும் எண்ணில் அழைத்தாலும் மணி ஒலிக்காது. ஆகவே மருத்துவமனை, பள்ளி, பொருள் கொண்டுவருபவர் ஆகியோரின் எண்களைச் சேமித்த பிறகே அதை இயக்குங்கள். தவறிய அழைப்புகளையும் மாலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒருவேளை யாரேனும் ஏமாற்றிப் பணத்தைத் தம் கணக்கிற்கு மாற்றிக்கொண்டால், எண்ணைத் தடுக்கும் வேலையைப் பிறகு வைத்துக்கொண்டு, உடனே வங்கியையும் 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண்ணையும் அழையுங்கள்.