குழாய் ஸ்பீக்கரில் கேட்ட 1992

அன்புள்ள ஐயா,

வணக்கம். 1992ஆம் ஆண்டின் பாடல்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதை 'ரோஜாவின் ஆண்டு' என்கிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் அப்பா கோபிசெட்டிபாளையம் பக்கம் மைக் செட் வைத்திருந்தார். அப்போது எனக்குப் பதினோரு வயது. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பொங்கல் என்று அவர் போகிற இடமெல்லாம் கேசட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். 'விநாயகனே வினை தீர்ப்பவனே' முடிந்ததும் அந்த வருசம் முழுக்க எங்கள் குழாயில் ஓடியது சின்ன கவுண்டர் படத்து 'முத்துமணி மாலை'. அப்புறம் 'கண்ணுபடப் போகுதையா'. அண்ணாமலை வந்த பிறகு 'வந்தேன்டா பால்காரன்'. பால் சொசைட்டிக்காரர்கள் வந்து நின்று திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்கள். ரோஜா கேசட்டையும் அப்பா வாங்கினார். ஒரு கல்யாணத்தில் போட்டபோது, 'என்னப்பா, செட்டு ரிப்பேரா?' என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். அதோடு அதை எடுத்து வைத்துவிட்டார்.

உங்கள் கட்டுரையில் சின்ன கவுண்டர் என்ற பெயரே இல்லை. அண்ணாமலைக்கு இசையமைத்த தேவாவுக்கு அரை வரி. அது உங்களைப் போன்ற மெட்ராஸ்காரர்களின் 1992. எங்களுடையது அதில் இல்லை.

கே., கோபிசெட்டிபாளையம்

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் சொல்வது சரி. சின்ன கவுண்டரை விட்டது என் தவறு. மறந்துபோய் விட்டதாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த வருடம் நான் கும்பகோணத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் கேசட் பதிந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். என் கையாலேயே எத்தனையோ கேசட்டில் பதிந்த பாட்டு 'முத்துமணி மாலை'. அப்படிப்பட்டவன் அதை விட்டிருக்கிறேன் என்றால் அது எப்படி நடந்தது என்று யோசிக்கத்தான் வேண்டும்.

முதலில் காலண்டரைப் பார்ப்போம். 1992 பொங்கலுக்கு மன்னனும் சின்ன கவுண்டரும் வந்தன. இரண்டுக்கும் இளையராஜா. மன்னனில் யேசுதாஸ் பாடிய 'அம்மா என்றழைக்காத உயிரில்லையே' ஒலிக்காத தெரு இல்லை. அதே படத்தில் 'அடிக்குது குளிரு' பாட்டில் ரஜினியே பாடினார். சித்திரை வாக்கில் சிங்காரவேலன். அதே வருடம் செம்பருத்தி. ஜூன் கடைசியில் அண்ணாமலை. ரஹ்மான் இசையமைத்த ரோஜா வந்தது ஆகஸ்ட் 15. கேசட் கொஞ்சம் முன்னாடியே கடைக்கு வந்துவிடும் என்று வைத்துக்கொண்டாலும், வருடத்தின் முதல் பாதியில் அப்படி ஒரு பாட்டை யாரும் கேட்டிருக்கவில்லை. அந்த மாதங்களில் நடந்த கல்யாணங்களை எல்லாம் நான் ஒரே வரியில் அழித்துவிட்டேன்.

ஏன் அழித்தேன் என்றால், பிறகு நடந்தது எனக்குத் தெரியும். ரஹ்மான் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது தெரிந்தபிறகு 1992ஐத் திரும்பிப் பார்த்தால், அந்த வருடம் முழுக்க அவருக்காகக் காத்திருந்ததுபோலத் தோன்றிவிடுகிறது. தேவா எங்கே போவார் என்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்? எங்கள் கடையில் அன்று நடந்த பேச்சு, 'ரஜினி படத்துக்கு ராஜா இல்லாமல் இப்படி ஒரு ஹிட்டா?' என்பதுதான். அண்ணாமலை படம் தொடங்கும்போது சூப்பர் ஸ்டார் என்ற எழுத்துகளோடு வரும் இசை, தேவா அந்தப் படத்துக்குப் போட்டது. இன்றும் தியேட்டரில் அது ஒலித்தால் விசில் பறக்கிறது. அதே வருடம் அவர் இசையமைத்த சூரியன் படத்தில் 'லாலாக்கு டோல் டப்பிமா'வுக்கு பிரபுதேவா ஆடினார். அரை வரி போதாது என்று நீங்கள் கோபப்பட்டது நியாயம்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அண்ணாமலை, ரோஜா இரண்டுமே பாலசந்தரின் கவிதாலயா எடுத்த படங்கள். 1989இல் வந்த புதுப்புது அர்த்தங்களுக்குப் பிறகு பாலசந்தர் இயக்கிய படங்களில் இளையராஜா இல்லை. 1992இல் அவர் இயக்கிய வானமே எல்லைக்கு மரகதமணி இசை. ஆக, ஒரே கம்பெனி ஒரே வருடத்தில் மூன்று புதுப் பாதைகளைத் தேடிப் பார்த்திருக்கிறது. அண்ணாமலை, ரோஜா இரண்டிலும் வைரமுத்துவின் வரிகள். பாலசுப்ரமணியத்தின் குரல் 'வந்தேன்டா பால்காரன்' பாட்டிலும் இருக்கிறது, 'காதல் ரோஜாவே' பாட்டிலும் இருக்கிறது. அன்று கேட்டவர்களுக்கு இவை எதிரெதிர்க் கட்சிகளாகத் தெரியவில்லை. கட்சி பிரித்தது பிற்பாடு வந்த நாம்தான்.

சரி, அப்பாவின் செட்டுக்கு வருகிறேன். 'செட்டு ரிப்பேரா?' என்று கேட்டார்களே, அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். குழாய் ஸ்பீக்கர் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. நடுவாந்தரமான ஒலிகளை அரை மைல் தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அடியில் ஓடும் கனத்த ஒலியை அது கிட்டத்தட்ட விழுங்கிவிடும். இடது வலது என்று பிரிப்பதெல்லாம் அதில் கிடையாது. பாலசுப்ரமணியமும் சுசீலாவும் 'முத்துமணி மாலை' பாடினால் அந்தக் குழாய் வழியாக இன்னும் கூர்மையாக வரும். ஜானகியும் சித்ராவும் நிறையப் பாடிக்கொண்டிருந்த காலத்தில், சுசீலாவின் குரல் தென்னந்தோப்பைத் தாண்டி வந்து விழுந்தால் பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். 'சின்னச் சின்ன ஆசை'யோ கோடம்பாக்கத்தில் ரஹ்மான் வீட்டிலிருந்த ஸ்டூடியோவில், ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் தனி இடம் கொடுத்துச் செய்த பாட்டு. அந்தப் பாட்டின் பாதி உயிர் அடியில் நடக்கும் பேஸில் இருக்கிறது. அது போய்விட்டால் மிஞ்சுவது மின்மினியின் குரலும் கொஞ்சம் கிணுகிணுப்பும்தான். அப்பாவுக்கு ரசனை இல்லாமல் போகவில்லை. அவருடைய குழாய்க்குள் பாதிப் பாட்டு நுழையவே இல்லை.

ஆனால் ஒன்றில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ரோஜா மெட்ராஸ்காரர்களின் சத்தம் என்பது சரியில்லை. கும்பகோணம் மெட்ராஸ் இல்லை. எங்கள் கடைக்குப் பழைய கேசட்டைக் கொண்டுவந்து, இருப்பதை அழித்துவிட்டு மேலே பதியச் சொல்பவர்கள்தான் அதிகம். ரோஜாவுக்கு மட்டும், 'பழசில் வேண்டாம், புதுக் கேசட் போடுங்கள்' என்றார்கள். அம்மாசத்திரத்திலிருந்து சைக்கிளில் வந்த ஒரு பையன், கடையில் 'புது வெள்ளை மழை' ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் மரப்பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பாட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை. வீட்டில் டேப் இருக்கிறவன், கடையில் நல்ல ஸ்பீக்கரில் கேட்டவன், இவர்களுக்கு அது வேறு பாட்டு. பந்தலில் கேட்டவர்களுக்கு வேறு. ஒரே வருடத்தில், ஒரே ஊரிலேயே, இரண்டு 1992 இருந்திருக்கிறது.

இதையெல்லாம் நம்மால் நிரூபிக்க முடியாது என்பதுதான் எனக்கு வருத்தம். அமெரிக்காவில் 1958 முதல் வாராவாரம் நூறு பாட்டுகளின் பட்டியல் இருக்கிறது. 1991 கடைசியிலிருந்து கடை விற்பனையைப் பார்கோடு வைத்தே எண்ணினார்கள். அங்கே 1992இன் முதல் பாட்டு பாய்ஸ் டு மென் குழுவின் 'எண்ட் ஆஃப் தி ரோட்', 13 வாரம் முதலிடம் என்று யாரும் சண்டையில்லாமல் சொல்லிவிடலாம். அவ்வளவு எண்ணியும் வருடத்தின் எல்லை அங்கேயும் வழுக்கத்தான் செய்கிறது. விட்னி ஹூஸ்டன் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' 1992 நவம்பரில் முதலிடத்துக்கு வந்து 14 வாரம் இருந்தது. ஆனால் அது 1993இன் முதல் பாட்டாகத்தான் கணக்கில் ஏறியது. நமக்கும் இப்படி ஒன்று உண்டு. தேவர் மகன் அந்தத் தீபாவளிக்கு வந்தது. 'இஞ்சி இடுப்பழகி' பாடியதற்காக ஜானகிக்கு 1992ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. அதே ஆண்டுக்கான இசை விருது ரஹ்மானுக்கு, பாடலாசிரியர் விருது 'சின்னச் சின்ன ஆசை' எழுதிய வைரமுத்துவுக்கு. ஆனால் தேவர் மகன் பாட்டுகள் பந்தலில் முழுசாக ஓடியது அடுத்த தையில் கல்யாணங்கள் தொடங்கிய பிறகுதானே?

நம்மிடம் அப்படிப்பட்ட பட்டியல் இல்லை. கம்பெனி விற்ற கேசட்டுக்காவது எங்கோ ஒரு கணக்கு இருக்கும். என்னைப் போன்றவர்கள் பதிந்து கொடுத்தவை எந்தக் கணக்கிலும் இல்லை. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பார்க்கத் தெருவே டிவி வீட்டில் கூடியதற்கும் கணக்கு இல்லை. இன்று இணையத்தில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று காட்டும் எண், இன்று கேட்பவர்களின் எண். அன்று கேட்டவர்களுக்கு உங்கள் கடிதம்போல ஒன்றுதான் சாட்சி. அதனால் ஒரு வேண்டுகோள். அப்பா இருக்கிறார் என்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த விசேஷத்துக்கு, எந்த நேரத்தில், எந்தப் பாட்டைப் போடுவார் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். தாலி கட்டி முடிந்ததும் என்ன பாட்டு, பந்தியில் என்ன, பெண்ணை அனுப்பும்போது என்ன? அப்படியே வெளியிடுகிறேன். என் கட்டுரையின் தலைப்பையும் மாற்றுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று, கடையில் வாடிக்கையாளர் லிஸ்ட் எழுதி வைத்த நோட்டு ஒன்றைப் பரணிலிருந்து எடுத்தேன். கடையை மூடியபோது என்னோடு வந்த ஒரே பொருள் அது. அறுபது நிமிடக் கேசட் ஒரு பக்கத்துக்கு அரை மணி, ஆறு பாட்டு. அந்த வருட மார்கழியில் ஒரு பக்கம். யாருடைய கையெழுத்து என்று தெரியவில்லை. ஏ சைடில் 'அம்மா என்றழைக்காத', 'முத்துமணி மாலை', 'நிலா காயும் நேரம்', 'கொண்டையில் தாழம்பூ', 'இஞ்சி இடுப்பழகி', 'காதல் ரோஜாவே'. பி சைடுக்கு ஐந்துதான் எழுதியிருக்கிறது. அதன் கீழே பென்சிலில், 'இடம் இருந்தால் தூது செல்வதாரடி'. பக்கத்தில் என்னுடைய சிவப்பு மை டிக் இருக்கிறது. இடம் இருந்திருக்கிறது.