என் பெயருக்குப் பதினைந்து இலட்சம் தருகிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 27 வயது. விசுவமடுப் பக்கம் இருக்கிறேன். மூன்று வருடங்களாக யூடியூப்பில் உதவிக் காணொளிகள் போடுகிறேன். கஷ்டப்படுகிற குடும்பங்களைக் காட்டுவேன், வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் பணம் அனுப்பும், அதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இப்போது கடைக்குப் போனாலும் என்னோடு படம் எடுக்கிறார்கள். கடந்த 12 மாதங்களில் விளம்பர வருமானமாக எனக்கு 33 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா வந்தது. கூடிய மாதம் 6 இலட்சத்து 10 ஆயிரம், குறைந்த மாதம் 90 ஆயிரம். உதவிப் பணமும் இதே வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. லீசிங்கில் கார் எடுத்திருக்கிறேன், மாதம் 1 இலட்சத்து 15 ஆயிரம் கட்டுகிறேன். 'ஏழைகளின் காசில் கார்' என்று பேசுகிறார்கள். இப்போது ஒரு முதலீட்டு நிறுவனம் மூன்று காணொளிகளில் தங்களைப் பற்றிச் சொல்ல 15 இலட்சம் தருவதாகச் சொல்லி, 2 இலட்சம் முற்பணமும் தந்துவிட்டது. அவர்கள் மாதம் 8 வீதம் இலாபம் கொடுக்கிறார்கள், ஆள் சேர்த்துவிட்டால் தனிக் கொமிஷன். அம்மா வேண்டாம் என்கிறார். அந்தக் காசில் வீட்டுக்கு மேல்மாடி கட்டலாம் என்று நான் நினைக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்:

தம்பி, அம்மா சொல்வதைக் கேளுங்கள். அந்த 2 இலட்சத்தைத் திருப்பி அனுப்புங்கள். கையில் கொடுக்க வேண்டாம், வங்கி மூலம் அனுப்பி, 'விளம்பரம் செய்ய மாட்டேன், முற்பணத்தைத் திருப்புகிறேன்' என்று எழுத்திலும் அறிவித்து, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மற்றக் கேள்விகளை ஆறுதலாகப் பார்க்கலாம். இது இந்தக் கிழமையே நடக்க வேண்டும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. வங்கி ஒரு வருடம் முழுவதும் வைத்திருந்து தருகிற வட்டியை ஏறத்தாழ ஒரே மாதத்தில் தருவதாக இவர்கள் சொல்கிறார்கள். மாதம் 8 வீதத்தை எடுக்காமல் விட்டால் ஒரு இலட்சம் ஒரு வருடத்தில் இரண்டரை இலட்சம் ஆகும். வயலோ, கடலோ, கடையோ எதுவும் இப்படி உழைக்காது. பிறகு எங்கிருந்து கொடுக்கிறார்கள்? பின்னால் சேர்கிறவரின் பணத்தை முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுக்கிறார்கள். ஆள் சேர்த்தால் கொமிஷன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிரமிட் திட்டம் என்று சொல்லப்படும் இப்படிப்பட்ட திட்டங்களை நடத்துவதோடு, விளம்பரப்படுத்துவதும் ஊக்குவிப்பதும்கூட வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்குவதை 2011 ஆம் ஆண்டின் நிதித்தொழில் சட்டம் தடுக்கிறது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலும் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலும் மத்திய வங்கியிடம் இருக்கின்றன. கிளிநொச்சியிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, நேரே போய்க் கேட்கலாம். நிறுவனத்துக்காரர் ஓடிவிடுவார். மூன்று காணொளிகளிலும் இருக்கப்போவது உங்கள் முகம்.

நான் முன்பு ஒரு வங்கியில் வேலை செய்தேன். மீள்குடியேற்றம் முடிந்து சில வருடங்கள் கழித்து ஒரு காலை வேளை. ஐம்பது வயதுள்ள ஒரு அம்மா என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தார். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் இன்னொரு பை, அதற்குள் கண்ணகி அம்மன் படம், அடகுச் சீட்டு, ஒரு நிறுவனத்தின் வழுவழுப்பான அட்டை. சங்கிலியை அடகு வைத்த காசையும் கோழி முட்டை விற்றுச் சேர்த்த காசையும் அந்த அட்டைக்காரரிடம் கட்டியிருந்தார். அந்த அலுவலகம் மூடிக் கிடக்கிறது, நீங்கள் தொலைபேசியில் கேட்டுச் சொல்லுங்கள் என்று வந்திருந்தார். ஏன் அம்மா நம்பினீர்கள் என்று கேட்டேன். மேடைகளில் அடிக்கடி காண்கிற ஒருவரின் பெயரைச் சொல்லி, 'அவரே சேர்ந்திருக்கிறாராம் பிள்ளை' என்றார். அந்த அட்டையில் இருந்த இலக்கத்துக்கு நான் மூன்று தரம் எடுத்தேன். மூன்றாம் தரம் அவரே கையை நீட்டி, போதும் பிள்ளை, வையுங்கள் என்றார். அந்த மேடைக்காரருக்கு இப்படி ஒரு அம்மா இருந்ததே தெரிந்திருக்காது. உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு அந்த இரட்டைப் பைதான் கண்ணில் நின்றது.

தெற்கிலும் இது நடந்தது. விளம்பரங்களால் நாடறிந்த ஆங்கில ஆசிரியரான சக்விதி ரணசிங்கவை நம்பி ஏராளமானோர் வைப்புப் பணம் கொடுத்தார்கள். 2008 இல் அவர் தலைமறைவானார். பாடம் நன்றாகச் சொல்லிக் கொடுப்பவர் பணத்தையும் நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று சனம் நினைத்தது. இரக்கமுள்ள பிள்ளை பொய் சொல்ல மாட்டான் என்று உங்களைப் பற்றி நினைக்கிறது. அந்த நிறுவனம் 15 இலட்சத்துக்கு விலை பேசுவது அந்த நினைப்பைத்தான். அதை உங்களுக்குத் தந்தவர்கள், கமராவுக்கு முன்னால் அழுத அம்மாக்களும், ரொறன்ரோவிலும் லண்டனிலும் இரவு வேலை செய்து 50 டொலர், 20 பவுண்ட் என்று அனுப்பியவர்களும். அவர்களைக் கேட்காமல் அதை விற்க உங்களுக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இனி உதவிப் பணத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இருக்கிற பெரிய ஆபத்து காரைவிட இதில்தான் இருக்கிறது. ஊராரின் பேச்சுக்கு இன்று உங்களிடம் பதில் இல்லை. நீங்கள் ஒரு சதம்கூட எடுக்காதவராக இருக்கலாம், நான் நம்புகிறேன். ஆனால் விளம்பரக் காசும், சுவிஸிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் பிறந்தநாள் அன்பளிப்பும், காரின் மாதக் கட்டணமும் ஒரே கணக்கில் ஏறி இறங்கினால், எந்த ரூபா எங்கே போனது என்று உங்களாலேயே காட்ட முடியாது. நாளைக்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களம் கேட்டாலும், கணக்குக்கு வந்தது முழுவதும் உங்கள் வருமானம் இல்லை என்று நிறுவ வேண்டியவர் நீங்கள். எனவே உதவிப் பணத்துக்குத் தனிக் கணக்கு. அதில் உங்களோடு இன்னொருவரும் கையொப்பமிட வேண்டும். உறவினர் வேண்டாம், ஓய்வுபெற்ற அதிபர், மாதர் சங்கத்தில் கணக்குப் பார்த்தவர் என்று ஊர் மதிக்கும் ஒருவரைத் தேடுங்கள். வந்தது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு, மீதி இவ்வளவு என்று மாதம் ஒருமுறை வெளியிடுங்கள். தொடர்ந்து நிதி சேர்ப்பதானால் அமைப்பாகப் பதிய வேண்டுமா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். டீசல் செலவை அந்தப் பணத்தில் எடுப்பதானால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுங்கள்.

உங்கள் காணொளிகளில் ஒன்றைப் பார்த்தேன். ஓலைத் தட்டி மறைத்த வீடு, ஒரு தாய் சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுக்கிறார், கமரா இன்னும் கிட்டப் போகிறது. பிறகு நீங்கள் ஆயிரம் ரூபாத் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி அவர் கையில் வைக்கிறீர்கள், அவர் மகள் கதவுக்குப் பின்னால் பாடசாலைச் சீருடையோடு நிற்கிறாள். அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்பில் இருந்திருப்பாள். பண ஆலோசனை கேட்டவருக்கு இதை ஏன் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். முகம் காட்டாமல் உதவினால் பார்ப்பவர் தொகை குறையும், விளம்பர வருமானமும் குறையும். அந்தக் குறைவையும் சேர்த்துத்தான் வரவு செலவு போட வேண்டும்.

ஏற்கெனவே உங்கள் வருமானம் காலபோகம் மாதிரி. மழை பெய்தால் குளம் வான் பாயும், பெய்யாவிட்டால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லை. உங்கள் குளத்தின் துருசோ ஊரில் இல்லை, கலிபோர்னியாவில் இருக்கிறது. ஒரு முறைப்பாட்டில் பக்கம் முடங்கலாம். பெரிய புகழ்களே அப்படித் திடீரென்று நின்றுபோயிருக்கின்றன. உங்கள் தாத்தாவின் காலத்தில் தியாகராஜ பாகவதருக்கு மேல் ஒரு சினிமா நட்சத்திரம் இருக்கவில்லை. 1944 இல் கொலை வழக்கில் கைதாகி, 1947 இல் விடுதலையாகி வந்தார். பழைய வாய்ப்பு திரும்பவில்லை, 1959 இல் காலமானார். குற்றமற்றவர் என்ற தீர்ப்புக்கூடச் சந்தையைத் திருப்பித் தரவில்லை.

ஆகவே உங்களுக்கு நீங்களே சம்பளம் கொடுங்கள். விளம்பர வருமானம் எவ்வளவு வந்தாலும் மாதம் 1 இலட்சத்து 20 ஆயிரத்தை மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். 90 ஆயிரம் வந்த மாதத்தில் குறைவதைச் சேமிப்பு நிரப்பும். வருடத்துக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம். அடுத்தது வரி. 2025 ஏப்ரல் முதல் தனிநபர் விலக்கு வருடத்துக்கு 18 இலட்சம். வெளிநாட்டுக்கு வழங்கும் சேவைக்காக வெளிநாட்டு நாணயமாக வங்கி மூலம் வரும் வருமானத்துக்கு உச்ச வீதம் 15. உங்கள் 33 இலட்சத்து 60 ஆயிரத்தில் 18 இலட்சம் போக 15 இலட்சத்து 60 ஆயிரம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதமாக 60 ஆயிரம், மீதி 5 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு 15 வீதமாக 84 ஆயிரம், மொத்தம் 1 இலட்சத்து 44 ஆயிரம். ஒரு கணக்காளரிடம் சரிபார்த்து, வரி இலக்கம் எடுத்து, நவம்பர் 30 க்குள் வருமான வரி விபரத்திரட்டைக் கொடுங்கள். உள்ளூர்க் கடைகளுக்குச் செய்யும் விளம்பரத்துக்கு இந்த 15 வீத எல்லை பொருந்தாது.

பயணம், கமரா என்று இரண்டே முக்கால் இலட்சம் வைத்தாலும் வருடக் கடைசியில் ஏறத்தாழ 15 இலட்சம் மிஞ்சுகிறது. உங்கள் பெயருக்கு அவர்கள் பேசிய விலை அதேதான். கார் இல்லாவிட்டால் மட்டுமே மிஞ்சும் என்பதைக் கவனியுங்கள். காருக்கு வருடத்துக்கு 13 இலட்சத்து 80 ஆயிரம் போகிறது. 90 ஆயிரம் வந்த மாதத்தில் வருமானம் முழுவதையும் கொடுத்தும் 25 ஆயிரம் போதவில்லை, அந்த 25 ஆயிரம் எந்தக் கணக்கிலிருந்து போனது? நான் குற்றம் சாட்டவில்லை. உதவிப் பணமும் அதே கணக்கில் இருந்தபடியால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். லீசிங் நிறுவனத்திடம் முன்கூட்டியே தீர்ப்பதற்கான தொகையை எழுத்தில் கேளுங்கள். விற்று வரும் விலை அதற்கு மேலாக இருந்தால் விற்றுவிடுங்கள், மோட்டார் சைக்கிளில் போன காலத்தில் உங்களை யாரும் குறைவாகப் பார்க்கவில்லை.

பெயர் எடுத்தவருக்கு வரும் மறைமுகச் செலவு ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் எழுதவில்லை. விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினர் என்று அழைப்பார்கள், மாலை போடுவார்கள், ஒலிவாங்கியில் உங்கள் பெயரைச் சொல்லி மண்டபத்துக்குக் கூரை போட எவ்வளவு தருகிறீர்கள் என்று கேட்பார்கள். சபையில் மறுக்க முடியாது. வருடத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை இப்போதே முடிவு செய்யுங்கள். முடிந்த பிறகு வரும் அழைப்புக்கு, 'வருகிறேன், பார்வையாளராக இருக்கிறேன்' என்று சொல்லலாம். கைமாற்றுக் கேட்டு வரும் நண்பர்களுக்கும் இதே கணக்கில்தான்.

சேமிப்பை ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரச உத்தரவாதம் முழுமையாக உண்டு. முதல் 6 மாதச் சம்பளமான 7 இலட்சத்து 20 ஆயிரத்தை நினைத்த உடனே எடுக்கக்கூடியதாக வையுங்கள், அதற்கு மேல் வருவதை நிலையான வைப்பில் போடுங்கள்.

மேல்மாடி வேண்டாம். அம்மாவின் வீடு ஐந்தரை இலட்சம் ரூபா இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியதென்றால் அதன் அத்திவாரம் ஒரு தட்டுக்குப் போட்டது. ஒரு பொறியியலாளரைக் கேட்காமல் மேலே ஒரு கல்லும் வைக்காதீர்கள். கீழேயே ஒரு அறையும் வீட்டோடு சேர்ந்த கழிப்பறையும் கட்டினால் அம்மாவுக்கு இரவில் முற்றத்தில் இறங்க வேண்டியிராது. அதை அடுத்த வருடச் சேமிப்பிலிருந்து கடன் இல்லாமல் கட்டலாம்.

முற்பணத்தைத் திருப்பிய பற்றுச்சீட்டின் படத்தையும் லீசிங் ஒப்பந்தத்தின் பிரதியையும் எனக்கு அனுப்புங்கள், தம்பி. ஒப்பந்தத்தில் முன்கூட்டித் தீர்ப்பதற்கு என்ன கட்டணம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, காரை இந்த மாதம் விற்பதா, மூன்று மாதம் பொறுப்பதா என்று எழுதுகிறேன்.