உடலைப் பிடிப்பதா, உடைமையைப் பிடிப்பதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

1776 வாக்கில் இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கடனைக் கட்ட முடியாதவர்கள் என்று சென்ற மாதக் குறிப்பு ஒன்றில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நான் ஈரோட்டில் நூல் கமிஷன் வியாபாரம் செய்பவன். கடனுக்கு வாங்கிக் கடனுக்கு விற்பதுதான் எங்கள் பிழைப்பு. வராத பாக்கி எனக்கும் நிறைய இருக்கிறது. ஆனாலும் எனக்கு விளங்கவில்லை. ஒருவனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டால் அவன் எங்கே சம்பாதித்து எப்படிக் கட்டுவான்? வியாபாரத்தில் இவ்வளவு கெட்டிக்காரர்கள் இப்படி ஒரு முட்டாள்தனமான சட்டத்தை ஏன் வைத்திருந்தார்கள்? எங்கள் ஊரில் முடியாதவன் மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான். அந்த வழிகூட அவர்களுக்கு இல்லையா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் சட்டம் கொடூரமானது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. முட்டாள்தனமானது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். உள்ளே இருப்பவன் சம்பாதித்துக் கட்டுவான் என்று எந்த லண்டன் வியாபாரியும் எதிர்பார்க்கவில்லை. அடகுக்கடையில் இருக்கும் நகை சம்பாதிக்கிறதா என்ன? வீட்டிலிருப்பவர்கள் மீட்டுக்கொண்டு போவார்கள் என்றுதானே அது அங்கே இருக்கிறது. கடனாளியின் உடலும் அப்படித்தான் வைக்கப்பட்டது. மச்சானோ மாமனாரோ பழைய நண்பரோ பணத்தோடு வரவேண்டும் என்பதுதான் கணக்கு.

பல நேரங்களில் வரவும் வந்தார்கள். ஆங்கில அகராதி வெளியாகி ஓராண்டுகூட ஆகாத நிலையில், 1756 மார்ச்சில் அதைத் தொகுத்த சாமுவேல் ஜான்சனையே கடனுக்காகப் பிடித்தார்கள். தொகை 5 பவுண்டு 18 ஷில்லிங். அவர் நாவலாசிரியர் ரிச்சர்ட்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ரிச்சர்ட்சன் ஆறு கினி அனுப்பிவைத்தார். ஆறு கினி என்றால் 6 பவுண்டு 6 ஷில்லிங். கடன் போக எட்டு ஷில்லிங் மிச்சம். நாடே கொண்டாடிய அறிஞர் அன்றிரவு எங்கே படுப்பார் என்பதை ஒரு நண்பரின் பணப்பைதான் முடிவுசெய்தது. அப்படி ஒரு நண்பர் இல்லாத தையற்காரனின் நிலையை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

நடைமுறை இப்படித்தான் இருந்தது. இவர் எனக்கு இவ்வளவு தரவேண்டும் என்று கடன் கொடுத்தவர் சத்தியப் பிரமாணம் செய்வார். அதை வைத்துப் பிடியாணை வரும். வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே ஆளைப் பிடித்துவிடலாம். உயர் நீதிமன்றங்களில் 10 பவுண்டுக்குக் குறைவான தொகைக்கும், கீழ் நீதிமன்றங்களில் 40 ஷில்லிங்குக்குக் குறைவான தொகைக்கும் இப்படி முன்கூட்டிப் பிடிக்கக் கூடாது என்று 1725இல்தான் ஒரு வரம்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிடிக்க முடியாது. வாசற்கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழையவும் முடியாது. அதனால் வாரத்தில் ஆறு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் காற்று வாங்க வெளியே வந்தவர்கள் உண்டு.

பிடிபட்டவரை நேரே சிறைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். முதலில் அமீனாவின் சொந்த வீடு. அங்கே அறைக்கு வாடகை, சாப்பாட்டுக்குக் காசு, மெழுகுவத்திக்குக் காசு. உறவினர்களிடமிருந்து எதுவும் வராது என்று தெரிந்த பிறகுதான் ஃப்ளீட், கிங்ஸ் பெஞ்ச், மார்ஷல்சீ போன்ற சிறைகள். அங்கேயும் வாடகை, கட்டணம். ஃப்ளீட் சிறையின் தலைமைப் பதவியே ஒரு சொத்தாக விலைக்கு விற்கப்பட்டது. 1728இல் தாமஸ் பாம்பிரிட்ஜ் இன்னொருவரோடு சேர்ந்து அதை 5,000 பவுண்டுக்கு வாங்கினார். போட்ட முதலைக் கைதிகளிடமிருந்துதான் எடுக்கவேண்டும். கட்டிடக் கலைஞர் ராபர்ட் காஸ்டெல் கேட்ட பணத்தைக் கட்ட முடியாமல் நின்றபோது, பெரியம்மை பரவியிருந்த ஒரு வீட்டுக்கு அவரை பாம்பிரிட்ஜ் அனுப்பினார். எனக்கு அம்மை வந்ததில்லை, அங்கே அனுப்பாதீர்கள் என்று காஸ்டெல் கெஞ்சியும் பயனில்லை. அம்மை கண்டு செத்தார். கொலை வழக்கு நடந்தது. பாம்பிரிட்ஜ் விடுதலையானார்.

நீங்கள் குறிப்பிட்ட கணக்கு ஜான் ஹோவர்டுடையது. ஊர் ஊராகக் குதிரையில் போய் ஒவ்வொரு சிறையாக எண்ணியவர். மொத்தக் கைதிகள் 4,084 பேர், அவர்களில் கடனுக்காக அடைபட்டவர்கள் 2,437 பேர். உள்ளே குடியிருந்த மனைவி மக்கள் இதில் சேரவில்லை.

இனி, எனக்கு எரிச்சலூட்டும் பகுதிக்கு வருகிறேன். தீர்ப்பு வந்தபின் கடன் கொடுத்தவருக்கு மூன்று வழிகள் இருந்தன. தட்டுமுட்டுச் சாமான்களை ஜப்தி செய்யலாம். நிலம் இருந்தால் அதில் பாதியைக் கையில் எடுத்து வருமானத்தை அனுபவிக்கலாம், விற்க முடியாது. அல்லது ஆளைப் பிடிக்கலாம். ஆளைப் பிடித்துவிட்டால், அவர் உள்ளே இருக்கும்வரை மற்ற இரண்டையும் தொட முடியாது. இதன் விளைவு உங்களைப் போன்ற வியாபாரிக்கு உடனே புரியும். பணமுள்ள பண்ணையார் ஒருவர் கடனைக் கட்டாமல் ஃப்ளீட் சிறையின் வசதியான பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு, ஊரிலிருந்து வரும் குத்தகைப் பணத்தில் ஒயின் குடித்துக்கொண்டு வருடக்கணக்கில் இருக்கலாம். இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் சிறைக்கு வெளியே, அதைச் சுற்றியிருந்த தெருக்களில் வீடு பிடித்தே தங்கலாம். ஒன்றுமில்லாதவன் தெருப்பக்கத்துக் கம்பிக்குப் பின்னால் நின்று, போகிறவர் வருகிறவரிடம் கை நீட்டிப் பிச்சை கேட்பான். பிரபுக்களையும் பாராளுமன்ற உறுப்பினர்களையும் கடனுக்காகப் பிடிக்கவே முடியாது. எவ்வளவு கடன் என்பதைவிடக் கடனாளி யார் என்பதைத்தான் இந்தச் சட்டம் முதலில் பார்த்தது. அதன் கொடூரத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

ஏழைக் கடனாளிக்கென்று ஒரு சிறு ஏற்பாடு இருந்தது. சொத்து முழுவதையும் ஒப்படைத்துவிட்டால், தொகை ஒரு வரம்புக்குள் இருக்குமானால், அவரை விட்டுவிடலாம். விடக் கூடாது என்று கடன் கொடுத்தவர் பிடிவாதம் பிடித்தால், கைதியின் சாப்பாட்டுக்கு அவரே நாளொன்றுக்கு 4 பென்ஸ், அதாவது வாரத்துக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ், கட்டவேண்டும். கட்டத் தவறினால் கைதிக்கு விடுதலை. இதைப் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். நம்முடைய சிவில் நடைமுறைச் சட்டத்தில் 21ஆம் ஆணை, 39ஆம் விதி என்ன சொல்கிறது என்று உங்கள் வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். டிக்ரி பெற்றவர் கடனாளியைச் சிவில் சிறையில் வைக்க விரும்பினால் பிழைப்புப்படியை இவர்தான் கட்டவேண்டும். நிறுத்தினால் ஆள் வெளியே. ஆனால் இன்று அந்தச் சிறைவாசம் அதிகபட்சம் மூன்று மாதம்தான். அதுவும், கையில் வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைத்தான் வைக்கலாம் என்று 1980இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மஞ்சள் கடிதாசி விஷயத்துக்கு வருவோம். வழி இருந்தது, ஆனால் வியாபாரிக்கு மட்டும். 1706இல் வந்த சட்டம் ஒரு புரட்சி என்றே சொல்லலாம். அதுவரை திவால் என்பது கடன் கொடுத்தவர்கள் கிடைத்ததைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. மீதிக் கடன் ஆளின் தலைமேலேயே நிற்கும். 1706க்குப் பிறகு, எல்லாவற்றையும் மறைக்காமல் ஒப்படைத்த வியாபாரிக்கு மீதிக் கடனே ரத்து. அடுத்த ஆண்டே கடன் கொடுத்தவர்கள் விழித்துக்கொண்டு, ஆள் எண்ணிக்கையிலும் தொகையிலும் ஐந்தில் நான்கு பங்கினர் சம்மதிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள். 1732 சட்டம் இன்னும் தாராளம். பவுண்டுக்கு 10 ஷில்லிங், அதாவது கடனில் பாதி, தேறும்படி சொத்தை ஒப்படைத்தால், மறுபடி பிழைத்துக்கொள்ள அதில் நூற்றுக்கு ஐந்து, 200 பவுண்டு வரை, திவாலானவர் கையிலேயே கொடுப்பார்கள். ஆனால் சொத்தை மறைத்தால் தூக்கு! ஜான் பெரட் என்ற துணி வியாபாரியை 1761 நவம்பரில் ஸ்மித்ஃபீல்டில் இதற்காகத் தூக்கிலிட்டார்கள். அப்படித் தூக்கில் தொங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஆனாலும் ஜவுளிக்காரர்கள் அந்தப் பெயரை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

இதில் நம் ஊர் வழக்கத்திலிருந்து ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நம் ஊரில் கடனாளியே ஐ.பி. மனு, அதாவது திவால் மனு, கொடுக்கலாம். அங்கே அன்று அவர் கொடுக்க முடியாது. குறைந்தது 100 பவுண்டு வரவேண்டியிருக்கும், கடன் கொடுத்த ஒருவர் மனுப் போட்டு அவரைத் திவாலாக்கவேண்டும். வேண்டப்பட்ட ஒருவரைப் பிடித்து அந்த மனுவைப் போடச் சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விவசாயிக்கு இந்த வழி இல்லை. 20 பவுண்டு பாக்கி வைத்த கூலிக்காரனுக்கும் இல்லை. பெரிதாக நொடித்தவனுக்கு மறுவாழ்வு, சிறிதாக நொடித்தவனுக்குச் சிறை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்கவேண்டியது காலனிகளைப் பற்றி. அதே 1732இல், அதே பாராளுமன்றம், அமெரிக்க, மேற்கிந்தியக் காலனிகளில் கடன் வசூலை எளிதாக்க ஒரு சட்டம் போட்டது. லண்டன் வியாபாரிகள் மனுக்கொடுத்துக் கேட்டு வாங்கிய சட்டம் அது. இங்கிலாந்தில் நிலத்தை விற்க முடியாது என்று பார்த்தோம் அல்லவா? காலனிகளில் கடனுக்காக வீட்டையும் நிலத்தையும் அடிமைகளையும் பிடித்து விற்கலாம் என்றது இந்தச் சட்டம். ஒரே பட்டியலில், ஒரே மூச்சில். ஜமைக்காவில் சர்க்கரைத் தோட்டக்காரன் லண்டன் பாக்கியைக் கட்டத் தவறினால் அடிமைகள் ஏலத்துக்குப் போனார்கள். தாய் ஏலம் எடுத்த ஒருவனிடம், பிள்ளை இன்னொருவனிடம். அவர்கள் யாரிடமும் ஒரு பென்ஸ்கூடக் கடன் வாங்கியவர்கள் அல்லர். அடிமைகளைப் பற்றிய அந்தப் பகுதி 1797இல்தான் நீக்கப்பட்டது.

1732இல் நடந்த மூன்றாவது காரியம், ஜார்ஜியா காலனிக்குச் சாசனம். அதை நிறுவிய ஓகல்தார்ப் காஸ்டெலின் நண்பர், காஸ்டெலின் சாவுக்குப் பிறகு பாராளுமன்றக் குழு ஒன்றின் தலைவராகிச் சிறைகளைச் சோதித்தவர். கடனாளிகளுக்கு மறுவாழ்வு தரத்தான் அந்தக் காலனி என்று பள்ளிப் பாடங்களில் வரும். உண்மையில் சிறையிலிருந்து நேரே கப்பலேறியவர்கள் மிகச் சொற்பம். அடிமை முறைக்கு அங்கே முதலில் தடை இருந்தது. அதுவும் 1751 வரைதான்.

வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டக்காரர்கள் இன்னொரு வேடிக்கை. மாமனார் வைத்துவிட்டுப் போன பிரிஸ்டல் கடனைச் சுமந்துகொண்டிருந்த, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜெஃபர்சன், தோட்டக்காரர்கள் லண்டன் வியாபார நிறுவனங்களுக்குச் சொந்தமான ஒருவகைச் சொத்தாகிவிட்டார்கள் என்று 1786இல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களை உண்மையிலேயே சொத்தாக வைத்திருந்தவர் இப்படி எழுதினார். சுதந்திரம் வந்ததும் அந்தக் கடன்கள் போய்விடவில்லை. வழக்கும் பேச்சுவார்த்தையுமாக இழுத்து, கடைசியில் 1802இல் அமெரிக்க அரசு 6,00,000 பவுண்டு கட்டித் தீர்த்துக்கொண்டது.

பிடிக்கவே முடியாத கடனாளி ஒருவர் நம் சேப்பாக்கத்தில் இருந்தார். ஆற்காட்டு நவாப் முகமது அலி. அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சென்னைக் கோட்டையின் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள். அவரை எந்த அமீனாவும் தொட முடியாது. தொடவேண்டிய அவசியமும் இல்லை. கிராமங்களின் வரி வருவாயையே அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்களில் ஒருவர், ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு சம்பளம் வாங்கிய பால் பென்ஃபீல்ட், தஞ்சாவூரின் வரியிலிருந்து தனக்கு 1,62,000 பவுண்டும், தஞ்சைக் குடிகளிடமிருந்து 72,000 பவுண்டும் வரவேண்டும் என்று 1776இல் கணக்குக் காட்டினார். சென்னைக் கவர்னர் பிகாட் அதை ஏற்க மறுத்தார். ஆகஸ்டில் அவருடைய சொந்தக் கவுன்சில்காரர்களே அவரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். 1777இல் காவலிலேயே இறந்தார். கடன் விவகாரத்தில் இங்கே உள்ளே போனவர் கடனாளி அல்லர், கணக்கைக் கேட்டவர்.

பிறகு பிரிட்டிஷ் பிரதமர் பிட்டின் அரசு இந்தக் கடன்களை விசாரிக்காமலே ஒப்புக்கொண்டு, கர்நாடக (அன்று ஆற்காட்டு நவாபின் நாட்டுக்கு அந்தப் பெயர்) வருவாயிலிருந்து ஆண்டுக்கு 4,80,000 பவுண்டு ஒதுக்கியது. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் இதற்கு எதிராகப் பாராளுமன்றத்தில் மணிக்கணக்கில் பேசினார். பயன் ஒன்றும் இல்லை. நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களும் அவர்களுடைய நண்பர்களும் அதே சபையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஃப்ளீட் சிறையில் 20 பவுண்டுக் கடனுக்குச் சத்தியப் பிரமாணம் கேட்ட நாடு, இங்கே லட்சக்கணக்கான பவுண்டுக்கு அதைக்கூடக் கேட்கவில்லை. 1801இல் கர்நாடகம் கம்பெனி வசம் வந்தபின், கட்டவேண்டியது தாங்களே என்று ஆனதும்தான் ஒரு கமிஷன் அமைத்து உண்மையாக விசாரித்தார்கள். வந்த கோரிக்கைகளில் பெரும்பகுதி செல்லாது என்று தள்ளப்பட்டது. பென்ஃபீல்டின் லண்டன் நிறுவனமும் நொடித்தது. அவர் 1810இல் பாரிஸில் கையில் காசில்லாமல் செத்தார்.

தஞ்சாவூர்க் குடிகள் எப்படி அவரிடம் கடன்பட்டார்கள் என்பது தனிக் கதை. விளைந்து நிற்கும் நெல்லை முன்கூட்டியே ஈடு வைத்த கதை அது. உங்கள் தொழிலிலும் முன்பணம் கொடுத்துச் சரக்கைக் கட்டிப்போடும் வழக்கம் உண்டல்லவா? அதைப் பற்றி எழுதுங்கள், சேர்த்தே பேசலாம்.