மெக்ஸிகோவின் துப்பாக்கிகள்: கடிதம்

அன்புள்ள ஐயா,

போதைக் கும்பல்கள் பற்றிய கட்டுரையில், மெக்ஸிகோவில் பிடிபடும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து போனவை என்று எழுதியிருந்தீர்கள். டாலஸில் இருக்கும் என் மைத்துனர் அது ஒபாமா காலத்துப் புளுகு, உண்மைக் கணக்கு 12 சதவீதம்தான் என்கிறார். மெக்ஸிகோவில் துப்பாக்கிச் சட்டம் ரொம்பக் கடுமையாம். அப்படியும் அங்கேதானே கொலை அதிகம்? அப்புறம் கட்டுப்பாடு எதற்கு?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மைத்துனர் சொல்லும் 12 அவர் கைச்சரக்கு அல்ல. 2008இல் மெக்ஸிகோ கைப்பற்றிய துப்பாக்கிகள் சுமார் 30,000. அதில் 7,200க்குத்தான் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி அமெரிக்காவுக்கு விவரம் அனுப்பினார்கள். ஏறக்குறைய 4,000க்கு விடை கிடைத்தது, அவற்றில் 3,480 அமெரிக்காவிலிருந்து போனவை. 4,000ஆல் வகுத்தால் 87 சதவீதம், 30,000ஆல் வகுத்தால் 12. '90 சதவீதம்' என்று மேடையில் முழங்கியவர்கள், தேடிக் கிடைத்ததில் மட்டும்தான் அந்தக் கணக்கு என்பதைச் சொல்லாமல் விட்டார்கள். சரி, அது தப்பு. ஆனால் 12 என்பது அதைவிட மோசம், ஏனென்றால் விடை தெரியாத 26,000 துப்பாக்கிகளும் அமெரிக்காவிலிருந்து வரவில்லை என்று அவராகவே முடிவு கட்டிக்கொள்கிறார். 2009 முதல் 2014 வரை மெக்ஸிகோவில் பிடிபட்டு, இப்படி மூலம் தேடப்பட்ட 1,04,850 துப்பாக்கிகளில், மூலம் தெரியாமல் போனவற்றையும் கழிக்காமல், 73,684 அமெரிக்காவுடையவை. 70 சதவீதம். நான் நம்பி எழுதியது இந்தக் கணக்கை.

இந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்று ஓர் ஊர், அங்கே ஓர் அரசு அலுவலகம். துப்பாக்கியின் வரிசை எண்ணை வைத்துத் தயாரித்த கம்பெனிக்குப் போன், அங்கிருந்து மொத்த வியாபாரிக்கு, அப்புறம் கடைக்காரருக்கு. கடை மூடிப்போயிருந்தால் அதன் பழைய பதிவேடுகள் பெட்டி பெட்டியாக இந்த அலுவலகத்துக்கே வந்திருக்கும், அதில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டும். ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், ஆனால் வாங்கியவர் பெயரைத் தட்டித் தேடும்படி வைக்கக்கூடாது, ஏனென்றால் துப்பாக்கி உரிமையாளர் பட்டியல் எதையும் மத்திய அரசு உருவாக்கக் கூடாது என்று 1986 சட்டம் சொல்கிறது. எண்ணை ராவி அழித்துவிட்டால் பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்தது.

எல்லாம் அமெரிக்கக் கடைச் சரக்குதான் என்றும் நான் சொல்லவில்லை. கையெறி குண்டை எந்த டெக்சாஸ் கடையிலும் விற்பதில்லை, அதில் நிறைய மத்திய அமெரிக்க ராணுவக் கிடங்குகளிலிருந்து கசிந்தது. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் கம்பெனி தயாரித்த ஜி36 ரைஃபிள்களோ, போகக்கூடாது என்று ஜெர்மன் அரசு தடுத்திருந்த மெக்ஸிகோவின் குவெரேரோ மாநிலப் போலீஸ் கைக்கே போய்ச் சேர்ந்தன. அந்த வழக்கில் 2019இல் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் கம்பெனியின் முன்னாள் ஊழியர்கள் இருவருக்குத் தண்டனை கொடுத்தது. மைத்துனர் இதைச் சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. மெக்ஸிகோ சட்டம் கடுமைதான். வெகுகாலம் நாடு முழுக்க ஒரே ஒரு துப்பாக்கிக் கடை, அதுவும் தலைநகரில் ராணுவமே நடத்துவது. மாதக்கணக்கில் காகிதம் சேர்த்துக்கொண்டு போனால் வாசலில் சிப்பாய் உடம்பைத் தடவிச் சோதித்துத்தான் உள்ளே விடுவார். எந்தக் கும்பல்காரன் அங்கே போவான்? எல்லைக்கு வடக்கே குற்றப் பதிவு இல்லாத ஓர் ஆளைப் பிடித்துக் காசு கொடுத்தால் போதும். கடையில் நிரப்பும் படிவத்தில், நிஜமாக வாங்குவது நீதானா என்று ஒரு கேள்வி இருக்கிறது. 'ஆமாம்' என்று எழுதிவிட்டு வாங்கி வருவான். நம் ஊர் பினாமி வேலைதான். இதைத் தனிக் குற்றமாக்கும் மத்திய சட்டமே 2022இல்தான் வந்தது, அதுவரை படிவத்தில் பொய் சொன்னான் என்றுதான் வழக்குப் போட வேண்டியிருந்தது. ஆகவே மெக்ஸிகோவில் தோற்றது கட்டுப்பாடு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, எல்லையின் ஒரு பக்கம் மட்டும் போட்ட கட்டுப்பாடு தோற்றிருக்கிறது. லஞ்சம் வாங்கும் போலீஸும் நீதிமன்றமும் தனிக் கதை, அதற்கு வாஷிங்டனைக் குறை சொல்லிப் பயனில்லை.

கட்டுப்பாடு என்றதும் வீடு புகுந்து துப்பாக்கியைப் பிடுங்குவார்கள் என்று உங்கள் மைத்துனர் பயப்படுகிறார் போல. 2011இல் வந்த விதியைப் பாருங்கள்: எல்லையோரம் இருக்கும் 4 மாநிலங்களில், 5 வேலை நாட்களுக்குள் ஒரே ஆள் ஒரு குறிப்பிட்ட வகை ரைஃபிள் 2 அல்லது அதற்கு மேல் வாங்கினால் கடைக்காரர் அரசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். விற்கலாம், தடையில்லை, சொன்னால் போதும். அதை எதிர்த்தும் துப்பாக்கி வியாபாரிகள் தரப்பு நீதிமன்றம் போய்த் தோற்றது. இதில் எது அதிகப்படி என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள்.